விரிஞ்சிபுரம் கல் கடிகாரம்: நிழல் ஒருவழியாகப் படத்தில் விழுந்தது

ரொம்ப நாளாக மனதில் இருந்த படம் இந்தப் பிப்ரவரியில் கிடைத்துவிட்டது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மணி காட்டும் கல், பக்கத்திலேயே ஒரு கைக்கடிகாரம், இரண்டும் ஒரே படத்தில். கல்லில் மணி 10. கடிகாரத்தில் 10.28.

வேலூர்க்காரர்கள் எல்லாரும் அந்தக் கல்லைப் பார்த்திருப்பார்கள். மேலே இருக்கிற குழிவில் குச்சியை வைத்தால், அரைவட்டத்தில் வெட்டிய எண்களில் நிழல் விழுகிற இடம்தான் மணி. பார்க்கச் சுலபம். படத்தில் கொண்டுவருவதுதான் பாடு.

பாடு முழுக்க அந்தக் குச்சியில்தான். ஈர்க்குச்சி வைத்தால் நிழல் சாம்பல் கோடாகக் கரைந்துவிடுகிறது. காரணம், சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலம் உள்ள வட்டம். குச்சிக்கும் கல்லுக்கும் 10 செ.மீ. இடைவெளி இருந்தால் நிழலின் ஒவ்வொரு விளிம்பிலும் ஏறக்குறைய 1 மி.மீ. மங்கல் வரும். மெல்லிய ஈர்க்கின் நிழலை அந்த மங்கலே தின்றுவிடும். பென்சில் வைத்தால் நிழல் நல்ல கருப்பு, ஆனால் எண்ணையே மறைத்துவிடுகிறது. கடைசியில் லாங் பஜாரில் பட்டம் கட்டுகிற மூங்கில் குச்சி வாங்கி, பிளேடால் சீவிச் சீவி 3 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். நடுவில் கருப்பு, ஓரத்தில் மெல்லிய மங்கல், பக்கத்தில் எண்ணும் தெரிகிறது. அந்தக் குச்சியை இனி யாருக்கும் தரமாட்டேன்.

அடுத்த தொல்லை கடிகாரக் கண்ணாடி. வானம் அதில் பளீரென்று அடிக்கிறது. லென்ஸின் முன்னால் போலரைசர் (பளபளப்பை வடிகட்டுகிற கண்ணாடி) மாட்டித் திருப்பினால் பளபளப்பு போகும், சரி. ஆனால் டிஜிட்டல் கடிகாரமாக இருந்தால் அதே திருப்பலில் எண்களும் கருத்துப்போகும், அந்தத் திரையும் போலரைசரை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதனால் மாமாவின் பழைய எச்.எம்.டி. முள் கடிகாரத்தை வாங்கிப் போனேன். கல்லோடு ஒட்டி வைத்து, லென்ஸின் துளையை எஃப் 11-க்குச் சுருக்கி எடுத்ததில் முள்ளும் நிழலும் ஒன்றுபோலத் தெளிவு. எண் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிலர் அந்தக் கல்லில் விபூதியும் சாக்பீஸும் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாமல் தருகிற மூலப் படம்) கான்ட்ராஸ்டைக் கூட்டினாலே போதும்.

படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "கல்லு சரியாத்தான் காட்டுது தம்பி, உன் கடியாரந்தான் முன்னாடி ஓடுது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நம் கடிகாரம் மிர்சாபூர் அருகே போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. விரிஞ்சிபுரம் 79-ஐ ஒட்டி இருப்பதால் இங்கே சூரியன் 14 நிமிடம் பிந்தும். பிப்ரவரி நடுவில் சூரியன் தன் கணக்கிலேயே இன்னொரு 14 நிமிடம் பிந்துகிறது. மொத்தம் 28. நவம்பர் முதல் வாரத்தில் இதற்கு நேர்மாறாக 16 நிமிடம் முந்தும், அப்போது கல்லும் கடிகாரமும் இரண்டு நிமிட வித்தியாசத்துக்கு வந்துவிடும். அந்தப் படமும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சுப் போடுவதுதான் திட்டம். மழைக்காலம் என்பதால் அந்த வாரம் மேகம் விலக வேண்டும், அது ஒன்றுதான் கவலை.

போகிறவர்களுக்கு: மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். சிம்ம தீர்த்தத்தையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் சொல்கிற 'விரிஞ்சிபுரம் மதிலழகு' உண்மைதான், ஆனால் அந்த மதிலின் நீளம் என் 50 எம்.எம். லென்ஸில் அடங்கவில்லை. அகல லென்ஸ் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று வேலூர்க் கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், விலை படியவில்லை.

அது கிடைத்ததும் மேல்பாடி. அரிஞ்சய சோழனுக்கு முதலாம் ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னனின் நினைவாகக் கட்டிய கோயில், அங்கே இருக்கிறது. வள்ளிமலையும் பக்கம்தான், சமணச் சிற்பங்களையும் அதே நாளில் பார்த்துவிடலாம். விரிஞ்சிபுரத்து ரா கோப்புகள் பாதி இன்னும் திறக்காமலே கிடக்கின்றன, முதலில் அதை முடிக்க வேண்டும்.