இன்னிக்கு எத்தனை அடி

நவம்பர் 6
ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருக்க பாஸ் ஒருவருக்குத்தான். பகலில் அக்கா, ராத்திரி நான். காலையில் அவள் வந்ததும் கீழே இறங்கி வண்டியை எடுத்தேன். தூங்கப் போகத்தான் எடுத்தேன். ஊசுட்டேரிக் கரைக்குப் போயிருக்கிறேன்.

நவம்பர் 7
அப்பா கண் விழித்ததும் கேட்டது: "இன்னிக்கு எத்தனை அடி?" வீராணம் ஏரியைத்தான். மதகும் கரையும் பார்க்கும் லஸ்கர் வேலையை விட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. போனில் பார்த்துச் சொன்னேன். முழு மட்டம் 47.50 ஆயிற்றே, ஏன் நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். மூச்சு வாங்க வாங்கப் பாடம். வடவாற்றில் வருகிற தண்ணீரைக் கீழணையிலேயே அடைத்துக்கொள்ளலாம். செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் யாரைக் கேட்டு வரும்? மேற்கே பெய்தால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து விழும். அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டாமா? இல்லாவிட்டால் வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிட்டு, கீழே இருக்கிற ஊர்களில் யார் வசவு வாங்குவது? சிஸ்டர் வந்து "தாத்தா, பேசக் கூடாது" என்றார்.

நவம்பர் 8
அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். கஞ்சி, மோர், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து.

நவம்பர் 9
ஊசுட்டேரி. நடுவில் கறுப்பாகத் திட்டு மாதிரி தெரிந்தது, நாமக்கோழிக் கூட்டம். பட்டுப்போன மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நீளமான லென்ஸோடு நாலு பேர் மூச்சு விடாமல் குந்தியிருந்தார்கள். காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை. சென்னையிலிருந்து வந்த பையன்கள் சலித்துக்கொண்டு செல்ஃபி எடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். பறவை எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தண்ணீர் எங்கிருந்து? சங்கராபரணியிலிருந்து வாய்க்கால். பாதி ஏரி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு, 2008இல் புதுச்சேரிப் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள் என்றதும் நிமிர்ந்தார்.
"ரெண்டு கவர்மெண்டா? அப்ப மதகுச் சாவி யாருகிட்ட?"
அப்புறம், "கரையில நண்டு வளை இருக்கா?"

நவம்பர் 10
பார்க்கவில்லை என்றேன். கோபம். கரையில் நடந்தவன் கரையைப் பார்க்காமல் வேறென்ன பார்த்தான்?

நவம்பர் 11
மழை. கேன்டீன் பொங்கல் வாயில் வைக்க முடியவில்லை. டாக்டர் "பார்க்கலாம்" என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அக்காவிடம் கத்திவிட்டேன்.

நவம்பர் 12
பாகூர் ஏரி. பெண்ணையாற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர். சிங்காரி, பங்காரி என்று இரண்டு தாசிகள் சொந்தக் காசைப் போட்டு வெட்டிய கதையை டீக்கடைப் பெரியவர் சொன்னார். எது யார் வெட்டியது என்பதில் அவருக்கே குழப்பம். தலைக்கவசமும் இறுக்கமான கால்சட்டையுமாக சைக்கிள்காரர்கள் ஒரு கும்பல் டீ குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மணி நேரம் குனிந்தபடியே கரையில் நடந்தேன். ஒரே ஒரு ஓட்டை கிடைத்தது. போட்டோ எடுத்தேன்.

அப்பா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது எலி வளைடா." சிரித்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவை.

நவம்பர் 13
குடித்ததும் சிறுநீர் போனதும் குறித்து, கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுத்துத் தரச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டார். ரெஜிஸ்டர் பார்ப்பது போலவே விரலை வைத்து வரிவரியாக.
"வரத்து 900. வெளியேத்தம் 350." போர்வையை விலக்கித் தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். கணுக்காலில் கட்டை விரலால் அழுத்தினார். குழி மூட வெகுநேரம் ஆனது.
"தண்ணி வெளியேறுற கலங்கல் அடைச்சிருக்கு" என்றார். அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 14
அக்கா இன்னும் வரவில்லை. ராத்திரி முழுக்க மழை. அடி பார்த்து வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் கேட்கவில்லை.