பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் காணாமல் போன சீட்டு

பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழு உங்கள் பிள்ளைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதினால், முதல் வேலையாக அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தது அந்தக் குழுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எழுதிய சீட்டு டீச்சர் கையிலிருந்து ஆபீஸ் ரூம் பீரோவுக்குப் போய், அங்கேயே தொலைந்தது.

சீட்டு இல்லாமலே, இப்படி அனுப்பப்படும் பிள்ளைகளைப் பார்க்கிற மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் போனோம். "ரெஃபரல் இல்லாம பதிய முடியாதும்மா, ஓ.பி.க்குப் போங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஓ.பி.யில் பாதி நாள் வரிசையில் நின்றால், "ஸ்கூல்ல பாத்து அனுப்பின பிள்ளையா? அப்ப அந்த மையத்துக்குத்தான் போகணும்" என்கிறார்கள். அன்றைக்குக் கூலி போனதுதான் மிச்சம். காது பரிசோதனை செய்பவரும் அன்று லீவாம். போன் செய்துவிட்டுப் போங்கள்.

முடிச்சை அவிழ்த்தது, கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வருகிற சிறப்புப் பயிற்றுநர். வேறொரு பையனைப் பார்க்கப் பள்ளிக்கு வந்திருந்தார். குழுவின் டாக்டருக்கு ஒரு போன் போட்டார், அவர்கள் பதிவேட்டில் மகள் பெயர் இருந்தது, புதுச் சீட்டு வந்துவிட்டது. இப்படி ஒருவர் இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. உங்கள் வட்டாரத்துப் பயிற்றுநரின் நம்பரை ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம் ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை, சிக்கலில்லாமல் முடிந்தது.

அடுத்தது வள மையத்தில் நடந்த மருத்துவ மதிப்பீட்டு முகாம். காது, கண், எலும்பு டாக்டர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அங்கேயே பதியலாம். எங்களை நிறுத்தியது பிறந்த தேதி. ஆதாரில் ஒன்று, பள்ளியின் எமிஸ் பதிவில் (மாணவர் விவரங்கள் இருக்கும் கணினிப் பதிவு) வேறொன்று. எமிஸைப் பள்ளியில்தான் திருத்த முடியும், அதனால் முகாமுக்கு முன்பே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றுத்திறன் சான்றிதழில் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும்.

காது மெஷின் வந்துவிட்டது. வகுப்பில் ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று இப்போது புகார் சொல்கிறாள், சொல்லட்டும்! ஆனால் பிள்ளை வளர வளர, மெஷினைக் காதுக்குள் பொருத்துகிற காது அச்சை மாற்ற வேண்டுமாம். அதை யார் செய்து தருவார்கள் என்று முகாமிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரை ஆளுக்கொரு பதில்தான் கிடைத்திருக்கிறது.