பேட்ஜ் போட்டவனுக்கு என்ன அதிகாரம்?

லண்டனில் சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியைப் பார்த்தால் பாதி போலீஸ் மாதிரி இருக்கும். கறுப்பு உடை, காதில் ரேடியோ, கையில் கட்டிய எஸ்ஐஏ பேட்ஜ், அதாவது காவலாளிகளுக்கு உரிமம் தரும் அரசு அமைப்பின் அட்டை. அந்த வேலையில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும், பேட்ஜ் கடமையைத் தருகிறதே தவிர கூடுதல் அதிகாரம் எதையும் தருவதில்லை.

2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டப்படி, ஒப்பந்த நிறுவனம் வழியாகக் காவலுக்கு நிற்பவர் உரிமம் வாங்கியே ஆகவேண்டும். உரிமம் இல்லாமல் நின்றால் சிறைகூட உண்டு. குற்றப் பின்னணிச் சோதனை, முதலுதவிச் சான்றிதழ், பயிற்சி, தேர்வு எல்லாம் முடித்து வாங்கினால் மூன்று வருடத்துக்குச் செல்லும். வேலை நேரத்தில் அது அடுத்தவர் கண்ணில் படவேண்டும். ஆனால் கடையே நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் காவலாளிக்கு இந்த உரிமம் தேவையில்லை! வாசல் ஒன்றுதான், திருடனும் ஒருவன்தான்.

அந்தத் திருடனிடம்தான் சிக்கலே. சந்தேகம் நியாயமானதாக இருந்தால் போலீஸ் கைது செய்யலாம். எங்களுக்கு இருப்பது 1984ஆம் ஆண்டின் போலீஸ், குற்றச் சான்றுகள் சட்டத்தின் 24ஏ பிரிவு, அதாவது சாதாரணக் குடிமகனுக்கு உள்ள உரிமை. ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று பின்னால் ஓடிப் பிடித்தால், திருட்டு உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். பையில் ஒன்றும் இல்லையென்றால் கைதே சட்டவிரோதம். போலீஸ் வரும்வரை காத்திருக்க வழியில்லை என்பதும் உண்மையாக இருக்கவேண்டும். அந்தப் பையைக்கூட அவர் சம்மதித்தால்தான் பார்க்கலாம். பலப்பிரயோகம் அளவோடு இருந்ததா என்று அப்புறம் நிதானமாக உட்கார்ந்து தீர்மானிப்பவர் வேறு யாரோ.

யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் என்னுடன் வேலை பார்த்தார். அவர் சொல்வார்: "தம்பி, சாமான் போனா கடைக்காரன் திரும்ப வாங்குவான். உன்ரை பேட்ஜ் போனா நீ என்ன செய்வாய்?"

அதற்காகச் சும்மா நிற்கவும் முடியாது. 2017 மே மாதம் மான்செஸ்டர் அரீனா என்ற இசை அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அங்கே பணியில் இருந்த பதினெட்டு வயதுக் காவலாளிப் பையன் ஒருவனுக்கு, குண்டை வெடிக்கச் செய்த ஆளை முன்பே பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. தன் கணிப்பு தவறினால் இனவெறியன் என்பார்களோ என்று தயங்கியதாக விசாரணையில் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தேகப்படும் ஆளிடம் போய் "உதவி வேண்டுமா?" என்று கேட்பதும், ரேடியோவில் மேலே சொல்வதும்தான் எங்களால் முடிந்தது. அதற்கே தைரியம் வேண்டும். அவ்வளவு சின்னப் பையன்களை மலிவான கூலிக்கு நிறுத்திவிட்டு அந்தத் தைரியத்தை எதிர்பார்க்கிறோம்.

கடை மேலாளர்களுக்குக் கணக்கு வேறு. "ஏன் போகவிட்டாய்?" என்பார்கள். நேரம், அடையாளம், எடுத்த பொருள், போன திசை எல்லாம் எழுதிய சம்பவப் பதிவேட்டை நீட்டுவேன். அவர்கள் படிப்பதில்லை. போலீஸ் வந்தால் கேட்பது அதையும் சிசிடிவி பதிவையும்தான்.