அலுமாரித் தட்டில ஒட்டியிருந்த துண்டு

ஹம்பேர்க்குக்கு வந்து முதல் ரெண்டு வருசம் எங்கட வீட்டில அலுமாரியே இல்ல, உடுப்பெல்லாம் சூட்கேசுக்குள்ளயும் கடையில சும்மா தாற வாழைப்பழப் பெட்டிக்குள்ளயும்தான். விசா அலுவல் சரிவந்து தனி வீடு வாடகைக்கு எடுத்தாப்பிறகு மனிசி சொல்லிப்போட்டா, இனிப் பெட்டிக்குள்ள சீலை வைக்கேலாது எண்டு. புதுசு வாங்கக் காசில்ல. பக்கத்து ரோட்டில வயசான அம்மா ஒராள் மோசம் போய், பேரன் வீட்டை ஒழிக்கிறான் எண்டு கேள்விப்பட்டுப் போனம். ஓக் மரத்தில பழைய அலுமாரி ஒண்டு, ரெண்டு கதவு, கீழ ரெண்டு லாச்சி, 60 யூரோ. நாலு பேர் பிடிச்சு மூண்டாம் மாடிக்கு ஏத்தினதில எனக்கு ஒரு கிழமை நாரிப்பிடிப்பு.

மனிசி துடைக்கேக்கதான் கண்டவ. தட்டு விளிம்புகளில விரல் அகலத்தில மஞ்சளாப்போன கடுதாசித் துண்டுகள், மையால சரிஞ்ச எழுத்து. ஒண்டில 'லாக்கன்ஸ்', இன்னொண்டில 'ஸ்லோப்பன்'. லாக்கன் எண்டா ஜெர்மனில படுக்கை விரிப்பு, அது விளங்கினது, மற்றது விளங்கேல்ல, எனக்குத்தான் பாஷை காணாது எண்டு நினைச்சன். கீழ் வீட்டில 82 வயசு அம்மா ஒராள் இருந்தவ, சனிக்கிழமையில கேக் கொண்டு வருவா, அவவைக் கூப்பிட்டுக் காட்டினம். கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பாத்திட்டு, இது டச்சு, ஸ்லோப்பன் எண்டா தலகணி உறை எண்டா. பிறகு கொஞ்ச நேரம் கதையே இல்ல. ஆற்ற வீட்டில வாங்கினனீங்கள் எண்டு கேட்டா, சொன்னம். "யுத்த நேரம் கப்பல்ல வந்த சாமானாயிருக்கும், எங்கட அம்மாவும் ஹாபரில ஏலத்தில கோப்பையும் மேசைத்துணியும் எடுத்தவ" எண்டு சொல்லிப்போட்டு கேக்கைக்கூடத் தொடாம இறங்கிப் போட்டா.

அண்டிரவு தேடித் தேடி வாசிச்சன். 1942 இல இருந்து 1944 மட்டும் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில கிட்டத்தட்ட 70,000 யூத வீடுகளை நாசிகள் வெறுமையாக்கினவங்களாம். நெதர்லாந்தில ஆக்களை வெஸ்டர்போர்க் முகாமுக்குக் கொண்டுபோய் அங்கயிருந்து ஆஷ்விட்ஸ், சோபிபோர் கொலைமுகாமுகளுக்கு ரயிலேத்திப்போட்டு, விட்டுட்டுப்போன வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்து கரண்டி வரைக்கும் லிஸ்ட் எழுதுவானாம், பிறகு லொறி வரும். ஆம்ஸ்டர்டாமில லொறிக்காரன்ர பேர் புல்ஸ், அவன்ர பேரே வினைச்சொல்லாப் போச்சு, 'புல்சன்' எண்டா வீட்டைத் துடைச்சு அள்ளுறது. ஹம்பேர்க்குக்கு மட்டும் 1942 மார்ச்சில இருந்து 1943 ஜூலைக்குள்ள 45 கப்பல் சுமை, 27,227 தொன். குண்டு விழுந்து வீடிழந்த சனமும் வாங்கினது, விழாத சனமும் வாங்கினது.

எங்கட லாச்சி எண்ட சொல்லே டச்சில இருந்து வந்ததுதான், ஒல்லாந்தன் யாழ்ப்பாணத்தில விட்டுட்டுப் போனது. அண்டைக்குப் பிறகு லாச்சியை இழுக்கேக்க கை கொஞ்சம் தயங்கும்.

எங்களுக்கும் ஒரு அலுமாரி இருந்தது. அம்மம்மா சீதனமாக் குடுத்த முதிரை அலுமாரி, குப்பி விளக்குச் சரிஞ்சு வலப்பக்கக் கதவில கையளவு கருகல். 1995 ஒக்டோபர் 30, ஆமி வருகுதெண்டு மழைக்குள்ள யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பக்கம் நடந்த அண்டைக்கு எனக்கு 12 வயசு, அம்மா அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகிக்கொண்டுதான் வெளிக்கிட்டவ. அடுத்த வருசம் திரும்பி வந்தா வீட்டில கதவில்ல, யன்னலில்ல, ஓட்டில பாதி இல்ல. திறப்பு மட்டும் இருந்தது. ஒண்டரை வருசத்துக்குப் பிறகு செத்தவீடு ஒண்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில, நடுக்கூடத்தில அதே கருகலோட அலுமாரி நிக்குது. அம்மா ஒண்டும் கேக்கேல்ல. குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பி வந்திட்டா. ஏனம்மா கேக்கேல்ல எண்டு நான் துள்ளினன். "அதுகளும் ஆரிட்டயோ காசு குடுத்துத்தானே வாங்கியிருக்குங்கள்" எண்டா. எனக்கு அந்த ஞாயம் அண்டைக்கும் பிடிக்கேல்ல, இப்ப அதே ஞாயம் என்ர வாயில வாறது இன்னும் பிடிக்கேல்ல.

பேரனைத் தேடிப் போய்க் கேட்டன், அவனுக்குப் பாவம் ஒண்டும் தெரியாது. மியூசியம் ஒண்டுக்கு படம் அனுப்பினன், ஓவியமெண்டா பின்னால பேரெழுதியிருக்கும், தளபாடத்தில பேரில்லாம ஆளைப் பிடிக்கேலாது எண்டு மரியாதையாப் பதில் போட்டினம். நேர்மையா வந்த சாமானாயும் இருக்கலாம் எண்டும் எழுதியிருந்திச்சினம், அந்த வரியை நான் எத்தினை தரம் வாசிச்சிருப்பனோ. மனிசி வித்துப்போடுவம் எண்டா, வித்தா இன்னொருத்தன் வீட்டில நிக்கப் போகுது, அவ்வளவுதானே.

கடைசியா அம்மாவுக்கு வைபரில சொன்னன். கமராவைக் கிட்டப் பிடி எண்டா, கன நேரம் பாத்தா. என்ன எழுதிக் கிடக்கு எண்டு கேட்டா, தலகணி உறை எண்டு சொன்னன்.

"நல்ல ஒழுங்கான மனிசி போல" எண்டா. "துடைக்கிறன் எண்டு அதை உரிச்சுப் போடாதேங்கோ, என்ன."

மனிசி அண்டைக்கே அந்தத் தட்டில கிடந்த சீலைகளை எடுத்து மேல வைச்சிட்டு, தலகணி உறைகளை மடிச்சு அங்க அடுக்கினவ.