சர்ச் பார்க்கிங்கில் கோல வகுப்பு

டெக்சஸில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்களிடம் சட்டம் எதிர்பார்ப்பது ஐந்தே பாடங்கள்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமக்களாக இருப்பது. அறிவியல்கூட அதில் இல்லை. 1994-ல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப் பள்ளியையும் ஒரு தனியார் பள்ளி என்றே ஏற்றுக்கொண்டது. அதனால் அரசிடம் பதிவும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. நியூயார்க்கில் இருக்கும் என் தோழி காலாண்டுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். "உன்னை யாருமே கேட்க மாட்டாங்களா?" என்று அவளுக்கு இன்னும் ஆச்சரியம்.

யாரும் கேட்பதில்லை என்பதில் சுகம் மட்டும் இல்லை, பாரமும் உண்டு. ஓவியம், பாட்டு, விளையாட்டு, பறவை, சமையல் எல்லாம் நம் தலையில். எனக்குக் கணக்கு வரும், தமிழ் வரும். கிட்டார் வராது. களிமண்ணைத் தொட்டால் என் கைக்கு அது களிமண்ணாகவேதான் இருக்கும். இந்த மாதிரி அம்மா அப்பாக்கள் கூடி, ஆளுக்கொன்றாகச் சொல்லித் தரும் ஏற்பாடுதான் கோ-ஆப். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ பக்கம் நாங்கள் போகும் கோ-ஆப் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சர்ச்சின் ஞாயிறுப் பள்ளி அறைகளில் கூடுகிறது. சில கோ-ஆப்களில் சேர மத நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுடையதில் அது இல்லை. வாடகைக்கு இடம் தருகிறார்கள், மாலையில் நாற்காலிகளை எடுத்த இடத்தில் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

பாடம் எல்லாம் வீட்டில். வெள்ளிக்கிழமை முழுக்க விருப்ப வகுப்புகள் மட்டும். ஐம்பது நிமிடம் ஒரு வகுப்பு, மதியத்துக்கு முன் இரண்டு, பின் ஒன்று. பிள்ளையை விட்டுவிட்டு கிளம்பிப் போக முடியாது. ஒரு மணி நேரம் நீங்கள் சொல்லித் தர வேண்டும், இன்னொரு மணி நேரம் வேறொருவர் வகுப்பில் உதவிக்கு நிற்க வேண்டும், மூன்றாவது மணியில் குழந்தைகள் அறையிலோ சமையலறையிலோ வேலை. அறைக்குக் கட்டாயம் இரண்டு பெரியவர்கள். சாமான் செலவுக்கு என்று வகுப்புக்குக் கொஞ்சம் பணம் வாங்குவோம். என் வகுப்புக்குச் சாக்பீஸ் காசுதான். அதைச் சொன்னபோது அம்மா போனில், "ஏன்டி, கோலம் சொல்லித் தர்றதுக்கு ஃபீஸா?" என்று சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் லெகோ வகுப்பு நிரம்பிவிடும். அப்புறம் பேக்கிங். செஸ், சைகை மொழி, குரோஷா, இயற்கை நோட்டு எல்லாம் மெதுவாக நிரம்பும். என் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு லெகோ கிடைக்காமல் போனதால்தான் சோப்புச் செதுக்கலில் சேர்ந்தாள். கற்றுத் தருபவர் ஓய்வுபெற்ற தாத்தா, பேரனுக்காக வருகிறார். ஐவரி சோப்புக் கட்டி, காய் சீவும் பீலர், ஒரு ஐஸ்கிரீம் குச்சி, ஒரு பழைய டூத் பிரஷ். இவ்வளவுதான் கருவிகள். முதலில் குச்சியால் சோப்பின் மேல் மீனின் வெளிக்கோட்டை வரையச் சொல்வார். கோட்டுக்கு வெளியே இருப்பதை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். அவசரப்பட்டு ஆழமாக அழுத்தினால் வால் அப்படியே உடைந்துவிடும். உடைந்தால் அவர் வருத்தமே பட மாட்டார். "சரி, இது இப்போது திமிங்கலம்" என்பார். கடைசியில் ஈரப் பிரஷால் தேய்த்தால் கீறல் எல்லாம் மறைந்து வழவழவென்று ஆகும். சீவலை ஜிப்லாக் பையில் கட்டிக் கொடுத்துவிடுவார், கை கழுவ. அந்த சோப்பை விற்ற கம்பெனியே 1920களில் நாடு முழுக்கச் சோப்புச் சிற்பப் போட்டி நடத்தியிருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விளம்பரத்துக்காகத்தான். ஆனாலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கையில் கத்தி பிடிக்கக் கற்றார்களே.

என் வகுப்புக்கு வருகிறேன். கோலம் என்று பட்டியலில் போட்டதும் ஓர் அம்மா தனியாக வந்து, மிகவும் மரியாதையாக, இது பூஜை சம்பந்தப்பட்டதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கும்பகோணத்தில் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டால் அதில் சாமியும் உண்டு. அதே தெருவில் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டிய வீட்டு வாசலிலும் கோலம் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சொன்னேன். அவர் பெண் இப்போது என் வகுப்பில் முதல் வரிசை.

அரிசி மாவை நான் எடுத்துக்கொண்டு போகவே இல்லை. எறும்புக்கும் சாப்பாடு என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம். டெக்சஸ் எறும்பு வேறு ஜாதி. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சிவப்புத் தீயெறும்பு, காலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு கொட்டும், மறுநாள் சீழ்க் கொப்புளம். சர்ச் பார்க்கிங்கில் அதற்கு விருந்து வைத்தால் அடுத்த வாரம் நமக்கு அறை கிடைக்காது. அதனால் தடிமனான தெருச் சாக்பீஸ். மாவை விரலிடுக்கில் விடும் பக்குவம் இதில் வராது என்பது எனக்குக் குறைதான். அதற்காக மட்டும் தட்டில் கோலப்பொடி போட்டு உள்ளே மேசையில் ஒரு நாள் ஒதுக்குகிறேன்.

வெளியே தார்த் தரையில் முதலில் புள்ளி. எட்டு வயசுப் பிள்ளைகளுக்குக் கோடு போடுவதைவிடப் புள்ளி வைப்பதுதான் கஷ்டம். இடைவெளி சீராக வராது. ஒரு பாதம் வைத்து அளந்து புள்ளி வை என்று சொல்லிவிட்டால் பார்க்கிங் முழுக்கப் பிள்ளைகள் குதிகாலை விரலோடு ஒட்டி நடந்துகொண்டிருப்பார்கள். பிறகு சிக்குக் கோலம். புள்ளியைத் தொடாமல் சுற்று, ஓரத்துக்குப் போனால் வளைந்து திரும்பு, தொடங்கிய இடத்துக்கு வரும்வரை சாக்பீஸை எடுக்காதே. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி என்றால் ஒரே இழையில் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று போட்ட பையன், "மிஸ் கவி, நான் சரியாத்தான் போட்டேன், ஆனா பாதிப் புள்ளி மிச்சம்" என்று வந்து நின்றான். வேறு கலர் எடு என்றேன். மூன்று கலர் ஆனதும் மிச்சமில்லை. உடனே மற்றவர்கள் ஆளுக்கொரு அளவு போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான்குக்கு ஆறு போட்டவளுக்கு இரண்டு கலர்.

உதவிக்கு நின்ற ஓர் அப்பா, தொழிலால் இன்ஜினியர், இதைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டார். இழைகளின் எண்ணிக்கை என்பது வரிசைக்கும் நெடுக்குக்கும் உள்ள மீ.பொ.வ. தான், அதாவது இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் (மீப்பெரு பொது வகுத்தி). மூன்றும் நான்கும் என்றால் ஒன்று, நான்கும் ஆறும் என்றால் இரண்டு. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த வாரம் ஒர்க்‌ஷீட் அச்செடுத்து வரவா, வகுப்பின் பெயரையே 'கோலக் கணிதம்' என்று மாற்றிவிடலாமா என்றார். கணக்கு அதில் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் இருந்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிப் பார்த்தவர்கள். ஆனாலும் வேண்டாம் என்றேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. முன்பு நாங்கள் போன வேறொரு கோ-ஆப்பில் எல்லா விருப்ப வகுப்புக்கும் வீட்டுப்பாடம் வைத்தார்கள். ஓவியத்துக்கு மதிப்பெண், சமையலுக்குப் பின்னக் கணக்கு வினாத்தாள். மகள் வியாழக்கிழமை இரவே வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள். நம் ஆட்கள் சந்திக்கும் இடத்தில் எல்லாம் எனக்குக் கிடைக்கும் கேள்வியும் இதே ரகம்: "சோப்பு செதுக்கி என்ன பண்ணப் போறா? அந்த நேரத்துல அபாகஸ் போடலாமே." அபாகஸ் போடட்டும், நல்லதுதான். வீட்டில் வாரத்தில் நான்கு நாள் கணக்கு உட்கார்ந்து படிக்கிறாள். வெள்ளிக்கிழமை செய்கிற ஒவ்வொன்றுக்கும் முதுகில் ஒரு கணக்கையோ அறிவியலையோ ஏற்றிவிட்டுத்தான் அனுமதிப்போம் என்றால், மிச்சமிருக்கிற ஒரு நாளும் வீட்டுப் பாடம்தானே? அந்தப் பையன் கலர் மாற்றி மாற்றிக் கண்டுபிடித்ததை அவனே வைத்துக்கொள்ளட்டும். ஆறாம் வகுப்பில் மீ.பொ.வ. வரும்போது பார்க்கிங் ஞாபகம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் கோலம் போட்டான்.

சரிப்படாதவையும் உண்டு. கிண்டர்கார்டன் வயசுக்குச் சிக்குக் கோலம் எடுபடாது. என் ஐந்து வயசுப் பையனே புள்ளிகளைக் காரின் சக்கரமாக்கிவிட்டான். சின்னவர்களுக்குப் பூக்கோலம் வரைந்து கொடுத்து உள்ளே கலர் நிரப்பச் சொன்னால் போதும். ஆகஸ்டில் தார் கொதிக்கும், அதனால் என் வகுப்பை மூன்றாவது மணியிலிருந்து முதல் மணிக்கு மாற்றி வாங்கினேன். அதற்காக செஸ் மாமா மதியத்துக்குப் போனார், அவருக்கு ஏசி அறைதானே. மழை வந்தால் அறையில் கறுப்பு அட்டை.

அடுத்த பருவத்துக்குப் பல்லாங்குழி கொடுத்திருக்கிறேன். இங்கே மான்கலா என்ற குழியாட்டம் ஆடாத பிள்ளை குறைவு. ஆறு ஆறு குழியும் இரு முனையில் பெரிய கிண்ணமும் அவர்களுக்குப் பழக்கம். நம்முடையதில் ஏழு ஏழு, கிண்ணம் கிடையாது. குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வது அவர்களுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். கட்டைக்குப் பதில் முட்டை அட்டை, டஜன் அட்டையோடு இரண்டு குழி வெட்டி ஒட்டினால் பதினான்கு. காய்க்குத்தான் யோசனை. மாமியார் ஊரிலிருந்து குன்றிமணி கொடுத்தனுப்புகிறேன் என்றார். "வேண்டாம் அத்தை, அது விஷம், கைக்குழந்தைகள் ஓடுகிற இடம்" என்று சொல்லிவிட்டேன். மஞ்சாடி பரவாயில்லை, ஆனால் விதை என்றால் விமான நிலையத்தில் சொல்லி, காட்டி, அவர்கள் விட்டால்தான். அதனால் சோழி கேட்டிருக்கிறேன். குழிக்கு ஐந்து என்றால் ஓர் ஆட்டத்துக்கு எழுபது வேண்டும், ஐந்து ஜோடிக்கு முந்நூற்றைம்பது. அத்தை கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து விலை சொல்கிறேன் என்றிருக்கிறார்.