கரண்ட் போனால் சோலாரும் போகுமா?

நேற்று மாலை ஹட்டனில் ஒரே மழை, இடி. வழக்கம்போல கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கூரையில் எட்டு பேனல். அங்கேயும் இருட்டு! அண்ணன் வாசலில் நின்று, "இவ்வளவு காசு போட்டும் மெழுகுதிரிதான் தம்பி" என்கிறார். விற்றவர்கள் சொல்லவில்லையாம்.

அது பழுதில்லை. ஆன்-கிரிட் இன்வேர்ட்டர், அதாவது பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றி ஊர் லைனோடு சேர்க்கும் பெட்டி, லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும். நிற்கவும் வேண்டும், இல்லையென்றால் பேனல் கரண்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. இருட்டிலும் லைட் எரிய ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பெட்டரியும் வேண்டும். பெட்டரி விலைதான் கையைக் கடிக்கும்.

நான் ஹைபிரிட்தான் பார்க்கிறேன். நாலு லைட், வைஃபை, பிரிட்ஜ், அவ்வளவுதான். ஆனால் பிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதனால் ஓடும்போதுள்ள வாட் கணக்கை மட்டும் பார்த்து இன்வேர்ட்டர் வாங்கக்கூடாது.

இன்னொன்று, நம்ம ஊர்க் குளிர். பேனல் பின்னால் ஒட்டியிருக்கும் வோல்ட் 25 பாகையில் அளந்தது. குளிரக் குளிர அது ஏறும். ஜனவரி விடியலில் 5 பாகை என்றால் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதல். வரிசையாகப் பேனல்களை இணைத்தால் மொத்த வோல்ட் இன்வேர்ட்டரின் உச்ச வரம்பைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கருகிவிடும். கடைக்காரத் தம்பியிடம் இதைக் கேட்டேன். "கொழும்பில் யாரும் கேட்கிறதில்லையே அண்ணே" என்றான்.

சரி, இங்கே யாராவது ஹைபிரிட் போட்டிருக்கிறீர்களா? பனிமூட்ட நாளில் பெட்டரி எவ்வளவு ஏறுகிறது?