மாஸ்டர் விளையாட விடாத பையன்

நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமையில் ஒரு கலியாணமோ பிறந்தநாள் விழாவோ வைப்பதென்றால், மிச்சிகனில் வாழும் நம்மவர்கள் பலமுறை யோசிப்பார்கள். அன்றுதான் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதும் அமெரிக்க ஃபுட்போல் ஆட்டம். 1897 இல் தொடங்கிய போட்டி அது. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகனின் மைதானம் 107,601 பேர் அமரக்கூடியது. யாழ் மாநகர எல்லைக்குள் குடியிருக்கும் எல்லாரையும் கூட்டிவந்து இருத்தினாலும் இடம் மிஞ்சும்.

எண்பதுகளின் கடைசியில் மேற்படிப்புக்காக அங்கே வந்து சேர்ந்தேன். அந்த விளையாட்டின் விதிகள் விளங்கக் காலம் எடுத்தது. ஆனால் சுற்றி இருந்தவர்களின் முகங்கள் முதல் நாளே விளங்கின. எழுபது வயதுக் கிழவர் ஒருவர் தான் படித்த காலத்துத் தொப்பியோடு நின்று கல்லூரிப் பாட்டைப் பாடினார். நம் கல்லூரி மைதானத்து மேற்கு வேலியோரம், பிக் மச் எனும் பெரிய ஆட்ட நாளில் வெள்ளை வேட்டியோடு நிற்கும் பழைய மாணவர்களின் முகம் அது. அன்று தொடங்கிய பற்று இன்றுவரை குறையவில்லை.

நம் கல்லூரியில் உதைபந்தாட்டம் பழக்கிய மாஸ்டரின் நினைவாக வரும் மலரில் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். இந்த ஐந்தாறு வருடங்களாக ஃபுட்போல் பார்க்க உட்காரும்போதெல்லாம் எனக்கு மாஸ்டரின் ஞாபகம்தான் வருகிறது. காரணம், நான் கல்லூரியில் ஆடிய காலத்து அந்த இரண்டாம் தவணை.

என் வயதுக்காரருக்கு அதை நினைவூட்டத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வேறொரு கல்லூரியில் கோல் அடித்துப் பேரெடுத்த பையன் ஒருவனை, சில நலன்விரும்பிகள் முயன்று நம் ஹொஸ்டலில் சேர்த்தார்கள். பெரிய ஆட்டத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. முதல் நாள் பயிற்சியிலேயே அவன் என்னைக் கடந்து போன வேகத்தை இன்றும் என்னால் சொல்ல முடியும். நான் வலது பின்களத்தில் ஆடியவன். அவன் கால்களுக்கிடையில் பந்து எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. இந்த வருடம் கிண்ணம் நமக்குத்தான் என்று ஹொஸ்டல் சமையல்காரர் வரை எல்லாரும் பேசினார்கள்.

அணிப் பட்டியல் வழமையான இடத்தில் ஒட்டப்பட்டது. அவன் பெயர் இல்லை. மாஸ்டர் எங்கள் எல்லாரையும் கோல் கம்பத்தடியில் இருத்திவைத்து, "இவன் ஒரு வருஷம் எங்களோடு ஓடட்டும். எங்களோடு தோற்கட்டும். அடுத்த வருஷம் இவன்தான் என் முதல் பெயர்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பையன் அழவில்லை. அடுத்த நாள் எல்லாருக்கும் முன்னதாகப் பயிற்சிக்கு வந்து நின்றான்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். அதற்கு அடுத்த கிழமை மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், பெரிய பதவியில் இருந்த பழைய மாணவர் ஒருவர் எழுந்து மாஸ்டரைக் கைநீட்டிப் பேசினார். கல்லூரியின் மானத்தை விற்றவர் என்றார். நாங்கள் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த வார்த்தைக்கு மண்டபத்தில் ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. மாஸ்டர் எழுந்தார். "பையன்கள் நல்லாத்தான் விளையாடினவங்கள், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடம் கழிந்தும் அந்த அவமானம் எனக்கு ஆறவில்லை.

இங்கே வந்த பிறகுதான் ஒரு விசயம் தெரிந்தது. மாஸ்டர் தன் மனச்சாட்சியில் வைத்திருந்த விதியை, அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பு புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஃபுட்போல் வீரன், பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். வகுப்புக்குப் போகலாம், அணியோடு பயிலலாம், ஆட்டம் மட்டும் கிடையாது. இதைக் கேள்விப்பட்டதும் மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். அந்த மண்டபத்தில் அவருக்காகப் பேச ஆளில்லாமல் போனதற்கு, உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு சாட்சி கிடைத்ததுபோல் இருந்தது எனக்கு.

அந்த விதி 2021 இல் தளர்ந்தது. 2024 இல் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. படிப்பில் தேறினால் போதும், எத்தனை முறையும் மாறலாம், மாறிய வருடமே ஆடலாம். 2021 யூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் அனுமதி வந்தது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. ஒரு கல்வி நிறுவனத்துக்கு முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டொலர்.

பணம் கொடுப்பதை நான் எதிர்ப்பவன் அல்லன். பயிற்றுநர்கள் கோடிக்கணக்கில் வாங்கும்போது, முழங்காலை முறித்துக்கொள்ளும் பத்தொன்பது வயதுப் பையனுக்குப் படிப்புச் செலவு மட்டும் போதும் என்று சொன்னது பெரும் அநியாயம். அது தீர்ந்தது நல்லது. என் மனம் நோவது வேறிடத்தில். சிறந்த வீரனுக்கான ஹைஸ்மன் விருதை 2022 இல் வென்ற கேலப் வில்லியம்ஸ் ஒக்லஹோமாவிலிருந்து தெற்குக் கலிபோர்னியாவுக்கு மாறி வந்தவர். 2023 இல் வென்ற ஜேடன் டேனியல்ஸ் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து லூயிசியானாவுக்கு வந்தவர். இருவரும் அருமையான ஆட்டக்காரர்கள். ஆனால் தோல்வியையும் ஒன்றாகவே தின்று வளர்ந்த அணி என்ற ஒன்று அருகிவருகிறது.

ஆட்டத்தின் பாரமும் குறைந்துவிட்டது. 1969 இல் மிச்சிகன் பயிற்றுநர் போ ஷெம்பெக்லர் தன் முதல் வருடத்திலேயே, முதலிடத்தில் இருந்த ஒகையோவை 24க்கு 12 என்று வீழ்த்தினார். அந்தத் தோல்வி ஒகையோவின் சாம்பியன் கனவை அங்கேயே முடித்தது. 2024 இல் தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகன், இரண்டாம் இடத்தில் இருந்த ஒகையோவை அதன் சொந்த மைதானத்தில் 13க்கு 10 என்று வென்றது. நான் வீட்டில் துள்ளிக் குதித்தேன். ஆனால் அந்த வருடம்தான் இறுதிச்சுற்று பன்னிரண்டு அணிகளுக்கு விரிந்திருந்தது. தோற்ற ஒகையோ அதில் நுழைந்து தேசியக் கிண்ணத்தையே எடுத்தது. தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற பயம் இருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமைக்கு உயிர் இருந்தது.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லை முன்பு நான் அவ்வளவாக மதித்ததில்லை. இப்போது மதிக்கிறேன். அங்கே எல்லாம் வெளிப்படை. முப்பத்திரண்டு அணிகளுக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான். கடைசியாக வந்த அணிக்குத்தான் அடுத்த வருடம் புதிய வீரர்களில் முதல் தெரிவு. எங்கள் டெட்ரோயிட் லயன்ஸ் 2008 இல் பதினாறு ஆட்டங்களையும் தோற்றது. அந்த அணியே 2024 சனவரியில், முப்பத்திரண்டு வருடத்தின் பின் முதன்முறையாக ஒரு பிளேஓஃப் (தோற்றால் வெளியேறும் இறுதிக்கட்ட) ஆட்டத்தை 24க்கு 23 என்று வென்றது. எதிரணியில் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக், பன்னிரண்டு வருடம் டெட்ரோயிட்டில் அடிபட்ட மாத்யூ ஸ்டாஃபர்ட். விழுந்தவனைக் கைதூக்கிவிடும் ஏற்பாடு பணத்துக்காக ஆடும் லீக்கில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிடம் அது இல்லை. அங்கே பலமுள்ளவனிடம்தான் பலம் சேர்கிறது.

இடம் மாறும் அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாஸ்டர் உருவாக்கிய எங்கள் பதினொருவரில் ஊரில் எஞ்சியவர்களை ஒரு கை விரல்களில் அடக்கலாம். அவர் சொன்ன அடுத்த வருடம் வரவே இல்லை. நாட்டு நிலைமையில் ஆட்டம் நின்றது. அந்தப் பையன் நம் சட்டையை ஒருமுறைகூட அணியாமல் ஜெர்மனிக்குப் போனான். மாஸ்டர் அந்த மைதானத்தை விட்டு அசையவில்லை. விசில் ஊதி ஊதித் தயாரித்த பிள்ளைகளை ஒவ்வொருவராக வழியனுப்பினார். நான் விடுகைப் பத்திரம் வாங்கப் போன அன்று, "அங்கேயும் விளையாடு" என்றார். அந்த மைதானம் எனக்குத் தந்த பலத்தை முழுக்க இந்த ஊரில்தான் செலவழித்திருக்கிறேன். இன்று அங்கே மாலையில் பிள்ளைகளோடு நிற்க ஒரு ஆள் தேடுகிறார்கள் என்று கேட்கும்போது, அந்த ஆள் நானாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மாஸ்டர் காலமான செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவன் அந்தப் பையன்தான். இப்போது அவனுக்கும் அறுபதை நெருங்கும் வயது. நம் பழைய மாணவர் சங்கத்தின் ஜெர்மனிக் கிளைக்கு வருடம் தவறாமல் சந்தா கட்டுகிறான். ஒரு ஆட்டமும் ஆடாதவன், தன்னை நம் கல்லூரிக்காரன் என்றே சொல்கிறான்.

அதனால் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் வீரர்களுக்கு விலை பேசிக் கொண்டுவரும் நிதியங்களை நடத்துபவர்கள் வேறு யாருமல்லர், நம்மைப்போன்ற பழைய மாணவர்கள். சென்ற பொதுக்கூட்டத்தில் நம்மிடமும் அப்படி ஒரு யோசனை வந்தது: மற்றப் பாடசாலைகளின் நல்ல ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுத்து நம் பத்தொன்பது வயதுப் பிரிவில் சேர்ப்பது. நல்லெண்ணத்தோடு சொன்னார்கள் என்று தெரியும். மாஸ்டர் பெயரில் திரட்டும் பணத்தில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பலர் வெறுங்காலோடு பயிற்சிக்கு வருகிறார்கள், அவர்களுக்குச் சப்பாத்து வாங்குங்கள். மாரியில் தண்ணீர் தேங்கும் வடக்குக் கோல் பக்கத்துக்கு மண் போடுங்கள். மாலையில் நின்று பழக்குகிறவருக்கு ஒரு மாதப்படி ஒழுங்கு செய்யுங்கள். என் பங்கைப் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன்.